மேலே பச்சை, கீழே வெறுந்தரை: சிறு காட்டில் மான் மேய்ச்சல்

சருகுப்பாதை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் சிறு காடு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 12 ஹெக்டேர். மூன்று பக்கம் விளைநிலம், நான்காவது பக்கம் சாலை. அண்ணாந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை, மரங்களெல்லாம் செழிப்பாகத்தான் நிற்கின்றன. குனிந்து பார்த்தால்தான் மனசு கனக்கிறது. முழங்காலுக்கு மேல் வளர்ந்த கன்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் ஒரே மட்டத்தில் நின்றுவிடுகின்றன. அந்த மட்டத்துக்குக் கீழே பார்வை தடையில்லாமல் காட்டின் மறுகோடி வரை போகிறது. முன்பெல்லாம் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் புதர் இருந்ததாக மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். உயரம் முழங்கால் அளவுதான், ஆனால் அடித்தண்டு கட்டைவிரல் பருமன் இருந்தது. தண்டு நெடுக முடிச்சு முடிச்சாகத் தழும்புகள். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் இரண்டு மூன்று குச்சிகள் கிளம்பியிருக்கின்றன, அவற்றின் நுனியும் கடிபட்டுக் காய்ந்திருக்கிறது. அடியை ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் பத்துக்கும் மேல் வளையங்கள் தெரிந்தன. அத்தனை வருஷம் உயிரோடு இருந்த மரம் முழங்காலைத் தாண்டவில்லை.

மான்கள் உண்டு. அந்தி நேரத்தில் கூட்டமாக வயலுக்கு இறங்குவதைப் பார்க்கிறோம். குழுவில் பாதிப்பேர், நிறையக் கன்று நட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். மீதிப்பேர், காட்டைக் காடாக விடுங்கள் என்கிறார்கள். இது மான் வேலைதானா? என்ன செய்யலாம்?

மறுதாம்பு எழுதியது:

நீங்கள் அறுத்துப் பார்த்த கன்றே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. விதை விழுகிறது, முளைக்கிறது, உயிரோடும் இருக்கிறது. வளரத்தான் முடியவில்லை.

முதலில் கடித்த இடத்தைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டியான ஈறுக்கும் நடுவில் குச்சியைப் பிடித்து இழுத்துக் கிழிக்கும். அதனால் கடிவாய் பிசிறாக, நார் நாராக இருக்கும். முயல் கடித்திருந்தால் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் ஒன்று, ஆடு மாடுகளுக்கும் மேல் முன்பற்கள் இல்லை. எனவே பிசிறு மட்டும் மானுக்குச் சாட்சி ஆகாது. குளம்புத்தடம், புழுக்கை, கடிபட்ட உயரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தானியங்கிக் கேமரா ஒன்று கட்டிவைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, உங்கள் காடு எங்கே இருக்கிறது என்பது. மூன்று பக்கம் விளைநிலம் என்றீர்களே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரிய காட்டில் கீழே இருக்கும் தழை தீர்ந்தால் மானுக்கும் பசி வரும், குட்டிகள் குறையும், செடிகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். சிறு காட்டில் அப்படி நடப்பதில்லை. மானின் வயிற்றை நிரப்புவது வயல். காடு அதற்குப் படுக்கவும் ஒளியவும் அசைபோடவும் ஓர் இடம். எழுந்து போகும்போதும் வரும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கொழுந்தை ஒரு வாய் கடித்துவிட்டுப் போகும். காட்டுக்குள் ஒரு செடிகூட மிச்சமில்லாமல் போனாலும் மானின் எண்ணிக்கை குறையாது. 12 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வயல் வளர்த்த மான்களைத் தாங்க வேண்டியிருக்கிறது.

கன்று நடுவதைப் பற்றி: வேலி இல்லாமல் நட்டால் அத்தனையும் மானுக்குத்தான். நாற்றங்காலில் உரம் போட்டு வளர்த்த கன்று காட்டில் தானாக முளைத்ததைவிடச் சத்தானது, அதைத்தான் முதலில் தேடி வரும்.

நிழல்மரம் எழுதியது:

மானைக் குற்றம் சொல்லுமுன் வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். "மரங்களெல்லாம் செழிப்பு" என்று சருகுப்பாதை எழுதியிருக்கிறார். மர உச்சிகள் சேர்ந்து கூரைபோல் நிற்கும் விதானம் மூடிக்கொண்டால் தரைக்கு வரும் வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும். அந்த இருட்டில் பல மரங்களின் நாற்றுகள் முளைத்து, விதையில் இருந்த சத்து தீர்ந்ததும் செத்துப்போகும். மான் இல்லாத காட்டிலும் அடர்ந்த நிழலில் தரை வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்டாமல் கைவிடப்பட்ட சிறு காடுகளில் இது சாதாரணம். ஒரே வயது மரங்கள் ஒரே நேரத்தில் தலை சேர்ந்துவிடும்.

சருகுப்பாதை எழுதியது:

நிழல்மரம் ஐயா, நல்ல கேள்வி. காட்டின் நடுவில் போன வருஷம் காற்றில் இரண்டு பெரிய மரங்கள் சாய்ந்து, வானம் நன்றாகத் தெரிகிற ஓர் இடைவெளி உண்டாகியிருக்கிறது. அங்கே வெயில் விழுகிறது. அங்கேயும் புல்தான் வந்திருக்கிறது, கன்று இல்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். சாய்ந்த மரத்தின் கிளைக்குவியலுக்கு நடுவில் நாலைந்து நாற்றுகள் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கின்றன. குவியலுக்கு வெளியே அதே சாதி நாற்றுகள் விரல் நீளம்தான்.

மறுதாம்பு எழுதியது:

சருகுப்பாதை, அந்தக் கிளைக்குவியல் இயற்கை போட்ட வேலி. மான் காலை உள்ளே வைக்கத் தயங்கும். அதே வெளிச்சம், அதே மண். ஒரே வித்தியாசம் மானின் வாய் எட்டாதது.

ஆனால் நிழல்மரம் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். நிழலும் மேய்ச்சலும் சேர்ந்துதான் அடிக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் நிற்கும் கன்று ஒரே பருவத்தில் வேகமாக எழும்பி, மான் எட்டும் உயரத்தைத் தாண்டிவிடலாம். நிழலில் நிற்பது வருஷத்துக்கு ஒரு சாண்கூட வளராது. ஒரு கடியில் இரண்டு வருஷ உழைப்பு போய்விடும். எது எவ்வளவு என்பதை உங்கள் காட்டிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். ஒரே மாதிரி வெளிச்சம் உள்ள இரண்டு இடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். ஒன்றைக் கம்பி வலையால் அடையுங்கள், மற்றதற்கு நாலு மூலையில் முளைக்குச்சி மட்டும் அடித்துத் திறந்தே விடுங்கள். நிழலில் ஒரு சோடி, இடைவெளியில் ஒரு சோடி. அடைத்ததிலும் ஒன்றும் வளரவில்லை என்றால் பிரச்சினை நிழல். அடைத்ததில் வளர்ந்து திறந்ததில் வளரவில்லை என்றால் மான். வருஷம் ஒரு தடவை ஒரே மாதத்தில் உயரம் அளந்து எழுதிவைத்தால் போதும். யாரும் மறுக்க முடியாது.

பெரணிக்காரி எழுதியது:

எல்லோரும் மரக்கன்றைப் பற்றியே பேசுகிறீர்கள். தரைச்செடிகளைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்காவது ஒரு வழி உண்டு. ஒரு நல்ல காலம் பார்த்து மான் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் தப்பித்தது. தரைச்செடி ஆயுள் முழுவதும் மானின் வாய்க்குக் கீழேதான் இருக்கிறது.

வட அமெரிக்கக் காடுகளில் டிரில்லியம் என்றொரு செடி. ஒரு தண்டு, அதன் உச்சியில் மூன்று இலை, நடுவில் மூன்று இதழ்ப் பூ. அவ்வளவுதான் செடி. விதையிலிருந்து பூக்கவே ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். மான் ஒரு வாயில் மூன்று இலையையும் பூவையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தப் பருவத்தில் மறுபடி துளிர்க்காது. இலை இல்லாததால் கிழங்கில் சத்து சேராது. அடுத்த வருஷம் சின்னதாக வரும், பூக்காது. இப்படி நாலைந்து தடவை நடந்தால் கிழங்கே தீர்ந்துவிடும். இன்னொன்று, மான் முதலில் எடுப்பது உயரமான, பூத்து நிற்கும் செடிகளைத்தான். விதை தரக்கூடியவை போய்விடும், குட்டையானவை மட்டும் மிஞ்சும். அதனாலேயே அங்கே ஆய்வாளர்கள் மானை எண்ணுவதற்குப் பதிலாகப் பூத்த டிரில்லியத்தின் சராசரி உயரத்தை அளந்து மேய்ச்சலின் கடுமையைச் சொல்கிறார்கள்.

புல்லுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? புல்லின் வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி இருக்கிறது. நுனியைக் கடித்தால் அடியிலிருந்து மறுபடி நீளும். பூச்செடிகளுக்கும் மரக்கன்றுக்கும் வளரும் மொட்டு உச்சியில் இருக்கிறது, அதுதான் மென்மையாகவும் சத்தாகவும் இருக்கும், அதைத்தான் மான் எடுக்கும். அதனால் மேய்ச்சல் கூடக்கூட பூச்செடிகள் குறைந்து, புல்லும் கோரையும் மான் தொடாத பெரணியும் (ஃபெர்ன்) இடத்தைப் பிடிக்கும். வெளியூர்க் களைகளில் மானுக்குப் பிடிக்காதவை இருந்தால் அவற்றுக்கு இது வேட்டைக்காடு. போட்டிக்கு வரும் உள்ளூர்ச் செடிகளை மான் தின்றுவிடுகிறது, களையை விட்டுவிடுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சோதனை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது. 1979-80 வாக்கில் தொடங்கிப் பத்து வருஷம், காட்டில் பெரிய வேலிகள் போட்டு உள்ளே கணக்காக மான்களை விட்டார்கள். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 4, 8, 15, 25 என்று நான்கு அளவுகள். மான் கூடக்கூட நாற்றுகளின் வகைகளும் உயரமும் குறைந்தன, முட்பெர்ரிப் புதர் ஒடுங்கியது, பெரணியும் புல்லும் பெருகின. சுமார் 8 என்ற அளவைத் தாண்டினால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் திணறுகிறது என்பதே அங்கே கிடைத்த முடிவு. அந்த எண்ணை அப்படியே உங்கள் காட்டுக்குப் பொருத்தாதீர்கள், மான் வகையும் மண்ணும் வேறு. ஆனால் போக்கு ஒன்றுதான்.

என்னை மிகவும் வருத்துவது அதற்கு அடுத்த கட்டம். பெரணி தரையை மூடிவிட்டால், மானைக் குறைத்த பிறகும் நாற்று வராது. பெரணியின் நிழல் ஒரு பக்கம், அதன் மறைவில் குடியேறும் எலிகள் விதைகளைத் தின்பது இன்னொரு பக்கம். மான் போய் இருபது வருஷம் ஆனாலும் அந்தத் தரை பெரணித் தரையாகவே இருக்கும். பெயருக்கு வேண்டுமானால் நான் பெரணிக்காரி, பெரணி எனக்கு உயிர். ஆனால் ஒரே பெரணி பரப்பிய காடு எனக்குக் காடாகத் தெரியவில்லை.

கொம்புத்தடம் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். மானின் பக்கத்திலிருந்து யாராவது பேச வேண்டும்.

காடும் மானும் சேர்ந்தே பல லட்சம் வருஷம் வாழ்ந்தவை. மான் தின்னும் செடி, மான் இல்லாத உலகத்தில் உருவானதில்லை. செடிகளும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பீச், மேப்பிள் மரக்கன்றுகளின் மொட்டைக் கத்தரித்துவிட்டு, சிலவற்றின் வெட்டுவாயில் மானின் எச்சிலைச் சொட்டினார்கள். எச்சில் பட்ட கன்றில் சாலிசிலிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் கூடியது, மானுக்குக் கசக்கும் டானின்கள் கூடின. வெறுமனே வெட்டிய கன்று காயத்தை ஆற்றும் வேலையை மட்டும் செய்தது. கடித்தது மான் என்று மரத்துக்குத் தெரிகிறது.

மான் விதையும் பரப்புகிறது. பெரணிக்காரி சொன்ன அதே டிரில்லியத்தின் விதையை வழக்கமாக எறும்புகள்தான் சில மீட்டர் தூரம் இழுத்துப் போகும். மான் தின்ற விதை புழுக்கையோடு கிலோமீட்டர் கணக்கில் போய் முளைக்கிறது. துண்டு துண்டாகிப்போன சிறு காடுகளுக்கு நடுவில் வேறு யார் விதையைக் கொண்டுபோவார்கள்?

மானைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள வைத்தம் காட்டில் மான் பெருகியபோது முட்பெர்ரிப் புதர் ஒடுங்கியது. வேலியும் வேட்டையுமாக மானைக் குறைத்ததும் அது மறுபடி கிளம்பியது. முட்புதர் அடர்ந்து மூடினால் அதன் அடியில் பூச்செடிகள் நசுங்கும். ஆகவே வேலி போட்டு மறந்துவிடுவது தீர்வு இல்லை.

மான் இயல்பாக இருக்கும் இடத்தில் அதை எதிரியாக்காதீர்கள்.

பெரணிக்காரி எழுதியது:

கொம்புத்தடம், கொஞ்சம் மேய்ச்சல் வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. மானும் காடும் சேர்ந்து வாழ்ந்த அந்த லட்சம் வருஷத்திலும் மானைத் தின்னும் விலங்குகளும் கூடவே இருந்தன என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கனடாவின் ஆன்டிகோஸ்டி தீவுக்கு 1890-களின் கடைசியில் சுமார் 220 மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஓநாய் இல்லை. மான்கள் பெருகிப் பெர்ரிப் புதர்களை அழித்தன, அந்தப் பழத்தை நம்பியிருந்த கருங்கரடி தீவிலிருந்தே மறைந்துபோனது. ஃபிர் மரக் கன்றுகளைத் தின்று தீர்த்ததால், மான் தொடாத ஸ்ப்ரூஸ் அந்த இடத்தைப் பிடித்தது. நமக்குப் பக்கத்தில் அந்தமான். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுபோய்விட்ட புள்ளிமான்களுக்கு அங்கே வேட்டையாடும் விலங்கு எதுவும் கிடையாது. அவை பெருகிய தீவுகளில் காட்டின் கீழடுக்கு மெலிந்துபோனது.

டானின் விஷயம் அருமை. ஆனால் வருஷம் முழுக்கக் கடிபட்டுக்கொண்டே இருக்கும் நாற்றுக்குக் கசப்பைத் தயாரிக்கவும் இலை வேண்டுமே.

குயில்தோப்பு எழுதியது:

நான் பறவை பார்ப்பவள். செடிக்கு வந்த கேடு செடியோடு நிற்பதில்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் பிராட்ஃபீல்ட் காடு. அங்கே மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுதாம்பு வளரவிடும் பழைய முறை இன்றும் நடக்கிறது. வெட்டிய பிறகு சில வருஷத்தில் தாழ்வாக, அடர்த்தியாகப் புதர் எழும்பும். நைட்டிங்கேல் பறவைக்கு அந்தப் புதர்தான் வீடு. அங்கே சில இடங்களை வேலியிட்டு, மான் நுழைய முடியாமல் செய்து, திறந்த இடங்களோடு ஒப்பிட்டார்கள். 2010-ல் வெளியான முடிவு: வேலிக்குள் நைட்டிங்கேல்களின் அடர்த்தி 15 மடங்கு. பென்சில்வேனியாவின் அந்த வேலிச் சோதனையிலும் மான் மிகக் குறைவான இடத்துக்கும் மிக அதிகமான இடத்துக்கும் இடையே, இடையடுக்கில் கூடு கட்டும் பறவைகளின் வகைகள் 27 சதவீதமும் எண்ணிக்கை 37 சதவீதமும் குறைந்தன. உச்சிக்கிளையில் கூடு கட்டுபவற்றுக்கு அந்த அடி விழவில்லை. மான் எட்டும் அடுக்கில்தான் இழப்பு.

பறவை மட்டும் இல்லை. பெரணிக்காரி அந்தமானைச் சொன்னார், அங்கே மான் மேய்ந்து கீழடுக்கு மெலிந்த இடங்களில் காட்டுப் பல்லிகளும் குறைந்துபோனதாக ஆய்வு இருக்கிறது.

சருகுப்பாதை, உங்கள் காட்டில் புதருக்குள் கூடு கட்டும் பறவைகள் எவை இருந்தன என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.

சருகுப்பாதை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இப்போது மூன்று கேள்விகள் கிளம்பியிருக்கின்றன. மானை எண்ண வேண்டுமா, எப்படி எண்ணுவது? முழுக் காட்டையும் சுற்றி வேலி போடலாமா? நாங்கள் சும்மா விட்டுவிட்டு, பிற்பாடு மான் குறைந்தால் செடிகள் தானாகத் திரும்பிவராதா?

மறுதாம்பு எழுதியது:

எண்ணுவதில் மெனக்கெடாதீர்கள். உங்கள் மான்கள் உங்கள் காட்டு மான்கள் இல்லை, நாலு காட்டுக்கும் வயலுக்கும் பொதுவானவை. இன்றைக்கு எட்டு இருக்கும், நாளைக்கு ஒன்றும் இருக்காது. எட்டு என்பது அதிகமா குறைவா என்று அந்த எண் உங்களுக்குச் சொல்லாது. செடி சொல்லும். மானுக்குப் பிடித்த செடி, சுமாராகப் பிடிக்கும் செடி, பசித்தால் மட்டும் தொடும் செடி என்று மூன்று தேர்ந்தெடுங்கள். பிடித்த செடியில் மட்டும் கடி இருந்தால் கவலை இல்லை. மூன்றாவது செடியிலும் கடி விழ ஆரம்பித்தால் நிலைமை முற்றிவிட்டது.

வேலி: முழுக் காட்டைச் சுற்றி என்றால் பெரிய மான்களுக்கு 1.8 மீட்டராவது உயரம் வேண்டும். சின்ன மான் வகைகள் தாண்டுவதைவிட அடியில் நுழைவதையே விரும்பும், அதனால் வலையின் அடி தரையோடு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு மரம் வேலி மேல் சாய்ந்தால் போதும், உள்ளே நுழைந்த மான் வெளியே வரத் தெரியாமல் இருப்பதையெல்லாம் தின்றுவிடும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சுற்றிவர ஆள் இருக்கிறதா என்று யோசியுங்கள். ஸ்காட்லாந்தில் கேப்பர்கேலி போன்ற கனமான பறவைகள் மான் வேலியில் மோதிச் செத்ததால் வேலிகளுக்கு மரச்சட்டம் கட்டிக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார்கள், சில இடங்களில் வேலியையே எடுத்துவிட்டார்கள்.

என் யோசனை, சின்னச் சின்ன அடைப்புகள். ஒரு அடைப்பு நாலைந்து மீட்டர் அகலம் இருந்தால் போதும். உள்ளே இறங்கி நிற்கவே இடுக்கமாகத் தெரிந்தால் மான் தாண்டத் தயங்கும். ஒன்று உடைந்தாலும் மற்றவை பிழைக்கும். வெட்டிய கிளைகளை வீணாக்காமல் நல்ல கன்றுகளைச் சுற்றிக் குவியுங்கள். உங்கள் காட்டிலேயே அது வேலை செய்வதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கிளைக்குவியல் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கி அமுங்கிவிடும், அதற்குள் கன்று எழும்பவில்லை என்றால் மேலும் போட வேண்டும்.

மானைக் குறைப்பது அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வேலை. தனி ஒரு சிறு காட்டுக்காரர் செய்தும் பயன் இருக்காது. காலியான இடத்துக்குப் பக்கத்து மான் வந்துவிடும். சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் உண்டு.

பெரணிக்காரி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியம்.

தானாகத் திரும்பாது. வயல் களைகளின் விதை மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும். காட்டுத் தரைச்செடிகள் பலவற்றின் விதைக்கு அந்த ஆயுள் இல்லை. தாய்ச்செடி போனால் சில வருஷத்தில் மண்ணிலும் ஒன்றும் மிச்சமிருக்காது. பெரிய காட்டில் என்றால் அடுத்த மேட்டிலிருந்து, அடுத்த ஓடைக்கரையிலிருந்து மெல்ல மெல்ல வந்துசேரும். உங்களுக்கு அடுத்த காடு வயலுக்கு அப்பால். எறும்பு வயலைத் தாண்டி விதையைக் கொண்டுவராது. கொம்புத்தடம் சொன்னதுபோல மான் கொண்டுவரலாம், ஆனால் கொண்டுவந்த இடத்திலேயே அதை மறுபடி மேயவும் அந்த மான்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் 62 காட்டு இடங்களில் 1950 வாக்கில் தரைச்செடிகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதே இடங்களில் மறுபடி எடுத்தபோது உள்ளூர்ச் செடிவகைகள் சராசரியாக 18.5 சதவீதம் குறைந்திருந்தன. மான் வேட்டைக்கு அனுமதி இல்லாத பூங்காக்களில் பாதிக்கு மேல் போயிருந்தது. இவை துண்டாகாத, மரம் அழியாத காடுகள், பார்ப்பதற்குப் பச்சைப்பசேல் என்று இருந்தவை. அதே மாநிலத்தில் மெனாமினி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் மரமும் வெட்டுகிறார்கள், மானையும் வேட்டையாடிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே நாற்றுகள் எழும்புகின்றன.

அதனால் முதல் அடைப்பை, அதாவது வலைக்கூண்டை, எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால், கன்று வரக்கூடிய நல்ல இடத்தில் இல்லை. கடைசியாக எங்கே ஒரு அரிய செடி மிஞ்சியிருக்கிறதோ அங்கே. பாறை இடுக்கு, சரிவு, விழுந்த மரத்தின் முதுகு, முட்புதர் நடுவு என்று மானின் கால் போகாத இடமெல்லாம் தேடுங்கள். ஒளிந்து பிழைத்தவை அங்கேதான் இருக்கும். அவை விதை போட்டால் மற்றதெல்லாம் பிறகு நடக்கும். அவையும் போய்விட்டால் எவ்வளவு நல்ல வேலி போட்டாலும் உள்ளே புல்தான்.

நிழல்மரம் எழுதியது:

பெரணிக்காரி சொல்வதை வழிமொழிகிறேன். இடைவெளியில் ஒரு சோடி போடும்போது அதன் வடிவத்தையும் விதான மூடலையும் படம் எடுத்து வையுங்கள். மூன்று வருஷத்தில் பக்கவாட்டுக் கிளைகள் நீண்டு வெளிச்சம் மாறிவிடும், ஒப்பிட வேண்டியிருக்கும்.

சருகுப்பாதை எழுதியது:

நீண்ட நாள் கழித்து வருகிறேன். ஒரு வளர்பருவம் முடிந்துவிட்டது, பார்த்ததை எழுதுகிறேன்.

கேமராவில் ஆடு எதுவும் இல்லை, மான்தான். நிழலில் ஒரு சோடி, இடைவெளியில் ஒரு சோடி, பெரணிக்காரி சொன்னபடி ஓடைச்சரிவில் தனியாக ஒரு கூண்டு. நிழல் கூண்டுக்குள் நாற்றுகள் சாகவில்லை, ஆனால் உயரமும் கூடவில்லை. திறந்த பக்கத்திலும் அதே நிலை, கூடவே நுனிக்கடி. நிழல்மரம் சொன்னது அங்கே சரியாக இருக்கிறது.

இடைவெளிக் கூண்டைத்தான் எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். விரல் நீளம் இருந்த பழைய நாற்றுகள், ஏற்கெனவே வேர் பருத்திருந்ததால் போல, ஒரே பருவத்தில் முழங்காலைத் தாண்டிவிட்டன. புது நடவு எதுவும் செய்யவில்லை. ஒரு நாற்றின் தண்டில் கடிபட்ட தழும்பு வரிசையாக இருக்கிறது, அதற்கு மேலே ஒரு நேரான பச்சைக் குச்சி, அதில் ஒரு தழும்பும் இல்லை. கம்பிக்கு வெளியே நீட்டிய இலைகள் மட்டும் வலையோடு மட்டமாகக் கடிபட்டிருக்கின்றன. திறந்த பக்கத்தில் புல்.

ஓடைச்சரிவுக் கூண்டில் ஒரு செடி பூத்தது. மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, சின்ன வயதில் பார்த்தது என்றார். காய் பிடித்திருக்கிறது.

"நிறைய நடலாம்" என்றவர்கள் இப்போது கூண்டு கட்ட வருகிறார்கள். இரண்டு கேள்விகள் மிச்சம். காயைப் பறித்து வேறிடத்தில் விதைக்கலாமா? இடைவெளிக் கூண்டை எப்போது கழற்றுவது?

பெரணிக்காரி எழுதியது:

படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது! காயை முழுவதும் பறிக்காதீர்கள். பெரும்பகுதியைச் செடியடியிலேயே விழவிடுங்கள். கொஞ்சம் மட்டும் பழுத்ததும் எடுத்து, காயவிடாமல் அன்றைக்கே அதே சரிவில், அதே ஈரத்தில், வேறொரு கூண்டுக்குள் சருகை விலக்கி மண்ணில் வைத்து மறுபடி சருகால் மூடுங்கள். காட்டுச்செடி விதைகள் பல காய்ந்தால் முளைக்காது. முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை என்று கிளறிவிடாதீர்கள். சில வகைகளில் முதல் வருஷம் வேர் மட்டும்தான் வரும்.

மறுதாம்பு எழுதியது:

கழற்ற அவசரம் வேண்டாம். நுனி மான் எட்டும் உயரத்தைத் தாண்ட வேண்டும், அதாவது உங்கள் மரங்களில் கீழ்க்கிளைகள் வெட்டுப்பட்டு நிற்கும் அந்த மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று சாண். அப்போதும் வலையை மொத்தமாக எடுக்காதீர்கள். ஆண் மான் கொம்பின் தோலை உரிக்க இளந்தண்டாகப் பார்த்துத்தான் தேய்க்கும், பட்டை சுற்றிலும் உரிந்தால் மரம் போய்விடும். நல்ல கன்றுகளாக நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் தண்டையும் சுற்றித் தனி வலைக்குழாய் கட்டிவிட்டு, பெரிய வலையை அடுத்த இடைவெளிக்குக் கொண்டுபோங்கள். குழாயைத் தண்டோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு கை நுழையும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள், வருஷம் ஒரு தடவை தண்டில் பதிகிறதா என்று பாருங்கள். நிழல் சோடியை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேலே ஒரு மரத்தைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். இரண்டு பக்கமும் எப்படி மாறுகின்றன என்று அடுத்த பருவத்தில் இங்கேயே எழுதுங்கள்.